சொல்ல ஒருவர், எழுத ஒருவர்

மகாபாரதம் எழுதப்பட்ட கதையை நம்மில் அறியாதார் இல்லை. வியாச முனிவர் சொல்ல, விநாயகப் பெருமான் தம் கொம்பு ஒன்றை ஒடித்து எழுத்தாணியாகக் கொண்டு எழுதினார் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் சந்நிதியிலே நிற்கும்போதெல்லாம் அக்கதை நம் நினைவுக்கு வருவதுண்டு. ஆனால் அக்கதையின் உட்பொருளாக இரண்டு நிபந்தனைகள் இருப்பதைப் பலரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தாம் எழுதத் தொடங்கினால் முனிவர் இடையிலே நிறுத்தலாகாது என்பது விநாயகர் இட்ட நிபந்தனை. பொருளை உணராமல் ஒரு சொல்லையேனும் எழுதலாகாது என்பது வியாசர் இட்ட நிபந்தனை. முனிவருக்குச் சற்றே களைப்பு ஏற்படும்போது கடினமான சுலோகம் ஒன்றைச் சொல்லிவிடுவாராம். அதன் பொருளை விநாயகர் சிந்திக்கும் அந்த ஒரு கணத்திலே, அடுத்த பல சுலோகங்களை மனத்தில் அமைத்துக்கொள்வாராம்.

இன்று எழுதுபவர் இருக்கும் இடத்திலே ஓர் இயந்திரம் வந்து அமர்ந்திருக்கின்றது. கணினியின் முன்னோ கைத்தொலைபேசியின் முன்னோ இருந்து தமிழிலே பேசினால், பேசியது அடுத்த கணமே எழுத்தாகித் திரையில் தோன்றுகின்றது. நம் வாலிபர் பலர் பல்கலைக்கழகக் கட்டுரைகளையும் கடிதங்களையும் இவ்வாறே எழுதிக்கொள்கின்றனர். இவ்வியந்திரம் களைப்பதில்லை, நிறுத்து என்று சொல்வதுமில்லை. விநாயகர் நிபந்தனையை அது நன்றாகவே காப்பாற்றுகின்றது. வியாசருடைய நிபந்தனை என்னவாயிற்று என்பதே நாம் இங்கு கேட்க விரும்புவது. ஹந்தானை மலையடிவாரத்திலே வாழும் நமக்கு இக்கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று.

சொல்வதும் எழுதுவதும் ஒருவரே செய்யும் தொழில் என்ற எண்ணம் மிகவும் பிற்பட்ட காலத்தது. பழங்காலத்திலே அவை இரண்டு தொழில்கள். திருவாசகத்தைப் பற்றிய ஐதிகம் இதற்குச் சான்று. தில்லையிலே மாணிக்கவாசகரிடம் அந்தணர் ஒருவர் வந்து, பாடிய பாடல்களையெல்லாம் சொல்லும்படி வேண்டினார். அடிகள் சொல்லச் சொல்ல அவர் ஏட்டிலே எழுதினார். பின்னர் அச்சுவடி பொன்னம்பலத்து வாயிற்படியிலே கிடக்கக் கண்டனர். அதன் முடிவிலே, வாதவூரர் சொல்லத் தாம் எழுதியதாகச் சிற்றம்பலமுடையாரின் கைச்சாத்து இருந்தது. எழுதியவர் இறைவனேயாயினும், சொன்னவர் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைத்தார் என்பதை நாம் பெரிதும் வியக்கின்றோம். எழுதுவோர் எங்ஙனம் அடங்கி நிற்கவேண்டும் என்பதற்கு இதனினும் மேலான உதாரணம் ஏது?

மிஷன் பாடசாலையிலே பயின்ற நமக்கு இதனோடு வேறொரு கதையும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றது. எரேமியா தீர்க்கதரிசி சொல்ல, பாருக் என்பவர் மையினாலே ஒரு சுருளில் எழுதினார். யோயாக்கீம் அரசனுக்கு அதில் உள்ளவை பிடிக்கவில்லை. வாசிக்க வாசிக்கச் சுருளைக் கத்தியினால் அறுத்து, குளிர்காயும் நெருப்பிலே போட்டு எரித்துவிட்டான். தீர்க்கதரிசி மறுபடியும் சொன்னார். பாருக் வேறொரு சுருளிலே மறுபடியும் எழுதினார். ஆங்கில மகாகவி மில்டன் 1652ஆம் ஆண்டளவிலே கண்ணொளி முற்றும் இழந்தவர். 1667இல் வெளிவந்த அவருடைய 'இழந்த சுவர்க்கம்' முழுவதும் பிறர் கையினால் எழுதப்பட்டதே.

நம் நாட்டு வித்துவான்களுக்குக் கண் இருந்தும் எழுதுவதற்கு வேறு ஆள் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். அவர் செய்யுட்களை வாயினாலே சொல்லுவார். மாணவர் ஒருவர் பனையோலையிலே எழுத்தாணி கொண்டு எழுதுவார். 1871இல் அவரிடம் மாணவராய்ச் சேர்ந்த உ. வே. சாமிநாதையரும் அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர். சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவரும் பிள்ளையவர்களை இறுதிவரை பிரியாதிருந்தவர். சைவப் புலவர் ஒருவருடைய வீட்டிலே சமய வேற்றுமை பாராது இப்பணி நடந்தது என்பதை நம் சங்கத்தார் அறிந்து மகிழவேண்டும்.

ஓலையிலே எழுதுவோருக்குப் பொருள் தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். பழைய ஏடுகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ரகரமும் காலும் ஒரே கோடு. நெடில் எழுத்துக்களை வேறுபடுத்தும் ஒழுங்கைச் செய்தவர் வீரமாமுனிவர் என்னும் இத்தாலியப் பாதிரியார் (1680–1747) என்பர். ஆகவே ஏட்டைப் படிப்பதும் ஏட்டிலே எழுதுவதும் பொருளறிவைத் துணையாகக் கொண்டே நடந்தன. நாவலரும் தாமோதரம்பிள்ளையும் ஏடுகளை ஆராய்ந்து அச்சிட்டபோது பட்ட பாட்டில் பெரும்பகுதி, பொருளறியாமற் பெயர்த்தெழுதியவர் விட்டுச்சென்ற பிழைகளினால் வந்தது.

பாடசாலையிலே 'சொல்வதெழுதல்' என்று ஒரு பாடம் உண்டன்றோ? ஆசிரியர் 'பள்ளி' என்று சொல்ல, மாணவன் 'பல்லி' என்று எழுதி அடி வாங்குவான். ல, ள, ழ. ன, ண, ந. ர, ற என்பவற்றுள் தடுமாறாத பிள்ளை இல்லை. 'எழுத்து' என்ற சொல்லை நம் இலக்கண நூலார் ஒலிக்கும் வழங்கினர், வரிவடிவுக்கும் வழங்கினர். இரண்டும் ஒன்றே என்பது போலத் தோன்றினாலும், ஒரே ககரம் 'கடல்' என்பதில் ஒரு விதமாகவும், 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும், 'பகல்' என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கின்றது. அதற்கு மேலே பேச்சு வழக்கு வேறு. ஏட்டிலே 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதை யாழ்ப்பாணத்தார் 'வந்துகொண்டிருக்கினம்' என்பர்; நாம் 'வந்துக்கிட்டிருக்காங்க' என்போம். சொல்வதைக் கேட்டு எழுதுபவர், கேட்ட ஒலியைத்தான் எழுதவேண்டுமா, அன்றி ஏட்டு வழக்காக மாற்றி எழுதவேண்டுமா? ஆசிரியருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் ஏட்டிலே உள்ளதையே சொல்லுவார். வாழ்க்கையிலே சொல்லுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் உண்டு.

இனி நம் மலைக்கு வருவோம்.

கோப்பிக் காலத்திலே திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரோடு கண்டிச் சீமைக்கு வந்த நம் முன்னோருள் மிகப் பலர் எழுத்தறியாதவர்கள். 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட பின்பும், கோப்பி அழிந்து தேயிலை மலையெங்கும் பரந்த பின்பும், நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. தோட்டங்களிலே பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கவேண்டும் என்ற கட்டாயம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஓரளவு உறுதிபெற்றது. ஆகவே நம் தாத்தாமாரும் பாட்டிமாரும் எப்பொழுதும் சொன்னவர்கள். எழுதியவர்கள் வேறு யாரோ.

ஊருக்குக் கடுதாசி எழுதவேண்டுமானால் தோட்டத்து வாத்தியாரிடமோ கணக்கப்பிள்ளையிடமோ போகவேண்டும். முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்: ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலிலே உட்கார்ந்து, மாடு கன்று போட்டது முதல் மாமியார் சண்டை வரைக்கும் ஒரு மணிநேரம் சொல்லுவார்களாம். கடுதாசியிலே ஏறுவது அரைப்பக்கம். அதிலும் பாதி, இவ்விடம் யாவரும் நலம், அவ்விடத்து நலம் அறிய அவா என்ற வாய்பாடு. சண்டை ஏறாது, அழுகையும் ஏறாது. எழுதுபவர் மேல் குறை சொல்வதற்கில்லை. கடிதம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவர் படித்திருந்தார்.

கடிதத்திலே நேர்வது நட்டமல்ல என்று விட்டுவிடலாம். செக்ரோலிலே அவ்வாறு விடமுடியாது. ஒரு நாள் வேலை செய்தால் அன்று 'பேர் விழும்'. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. பேர் என்ற சொல்லே கூலி என்ற பொருளைப் பெற்றுவிட்டது என்றால், பேரை எழுதுகிற கையினுடைய வல்லமையை அறிந்துகொள்ளலாம். அதற்கு முன்னே 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இன்ன ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டிலே தன் பேரும் தன் கடனும் இருக்கும். எவ்வளவு என்று வாசிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அச்சொல்லை மாத்திரம் நம் முதியோர் இன்றும் மறக்கவில்லை.

மிகப்பெரிய சொல்வதெழுதல் அதற்கு முப்பது ஆண்டு கழித்து வந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராகிய நம்மவருக்கு, 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. மணமானவராயின் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததைக் காட்டவேண்டும். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். எழுத்தறியாத மக்கள் சொல்ல, வாத்தியார்களும் சங்கத்தாரும் மனு எழுதுவோரும் இராப்பகலாய் எழுதினார்கள். ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காக அனுப்பப்பட்டன. முடிவிலே பிரஜாவுரிமை பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேர் மாத்திரமே.

நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றையெல்லாம் இங்கு ஆராயப் புகுந்தால் கட்டுரை வேறு வழியிலே போய்விடும். நமக்கு வேண்டியது ஒன்று. ஒரு பெண்ணின் பெயர் செக்ரோலில் ஒரு விதமாகவும், பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும், விண்ணப்பத்தில் மற்றொரு விதமாகவும் இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று யார் மெய்ப்பிப்பது? 'மாரியாயி' என்று அவள் சொல்ல, ஒருவர் 'மாரியாய்' என்றும் ஒருவர் 'மாரியம்மா' என்றும் எழுதுவர். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுபவர் தமக்குக் கேட்டபடி எழுதுவர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்கள் எண்களாகப் பங்கிடப்பட்டபோதும் இந்தத் தொல்லை தொடர்ந்தது. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைத் துயருக்கு ஒருவாறு முடிவு கட்டியது. பெயர்த் துயருக்கு முடிவு வரவில்லை. பிறப்புப் பத்திரத்திலே ஓர் எழுத்து மாறியதால் அடையாள அட்டைக்கு அலையும் வாலிபர் இன்றும் நம்மிடையே உள்ளனர். கேட்டு எழுதுபவர் கேட்ட விதமே நம் பெயராகிவிடுகின்றது.

எழுதும் கருவிகள் இதற்கிடையிலே மாறிக்கொண்டு வந்தன. 1837இல் இங்கிலாந்திலே ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்து, எழுத்துக்கூட்டலை விட்டு ஒலியையே பிடித்தெழுதும் முறையாகும். அம்முறை பிற்காலத்திலே தமிழுக்கும் வந்து, நம் பாராளுமன்றத்தின் ஹன்சாட்டிலே தமிழ்ப் பேச்சும் இடம்பெற வழிசெய்தது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்துத் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிலே 1886இல் பிறந்து மலாயாவிலே வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள். புள்ளியையும் மேல்விசிறிகளையும் அடித்தால் தாள் நகராதபடி 'நகரா விசை' அமைத்தது அவருடைய நுண்ணறிவு. இருநூற்றுக்கு மேற்பட்ட எழுத்துக்களை ஒரு சிறு பொறியிலே அடக்கிய இந்த ஈழத்துத் தமிழரைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம். திரையுலகிலே கவிஞர் கண்ணதாசன் பாடல்களை வாயினாலே சொல்லிக்கொண்டு போக, உதவியாளராயிருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். அதுவே பழைய முறையின் கடைசிப் புகழ்பெற்ற காட்சி எனலாம்.

காதுள்ள இயந்திரம் முதன்முதலில் 1952ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தில் தோன்றியது. 'ஓட்ரி' என்று பெயர். ஓர் ஆள் உயரமுள்ள சட்டம் நிறையக் கருவிகளைக் கொண்ட அது அறிந்தது பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள எண்களை மாத்திரமே. அதுவும் தனக்குப் பழக்கப்பட்ட ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னாற்றான். 1962இல் சியாட்டில் நகரக் கண்காட்சியிலே ஐ.பி.எம். கொம்பனியார் காட்டிய பெட்டி பதினாறு சொற்களை அறிந்திருந்தது. பத்து ஆண்டிலே ஆறு சொல் கூடியது என்று சிரிப்பவர் சிரிக்கலாம்.

இத்துறையை வளர்த்த பெரியாருள் ஒருவர் நமக்கு அயலவர். ராஜ் ரெட்டி என்பவர் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்திலே ஒரு கிராமத்தில் பிறந்து, சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலே 1958இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே 1966இல் கலாநிதியானவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலே அவரும் அவருடைய மாணவரும் எழுபதுகளிலே அமைத்த 'ஹியர்சே' என்ற பொறி சதுரங்கம் ஆடும். காயை எங்கே நகர்த்துவது என்று வாயினாற் சொல்லலாம். சரியாகக் கேளாவிட்டால், அந்நிலையிலே எந்த நகர்த்தல் பொருத்தமானது என்று ஆட்டத்தின் அறிவைக் கொண்டு ஊகித்துக்கொள்ளும். பொருளை உணர்ந்து எழுது என்ற வியாசருடைய நிபந்தனையை இயந்திரத்துக்கு விதிக்க முயன்றவர் இவர்களே என்று நாம் கருதுகின்றோம். 1976இல் அங்கே உருவான 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அறிந்தது. ரெட்டி அவர்களுக்கு 1994இல் கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய ரியூறிங் பரிசு கிடைத்தது.

ஆயினும் வென்றது வேறு வழி. ஐ.பி.எம். கொம்பனியிலே பிரெட் ஜெலினெக் என்பாரும் அவருடைய குழுவினரும், பொருளை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டனர். இன்ன ஒலி இன்ன எழுத்தாய் இருப்பதற்கு எத்தனை பங்கு வாய்ப்பு, இன்ன சொல்லுக்குப் பின்னே இன்ன சொல் வருவதற்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்று, ஏராளமான பேச்சையும் எழுத்தையும் கொடுத்துக் கணக்கிட்டனர். எண்பதுகளிலே 'தங்கோரா' என்ற அவர்களுடைய பொறி 20,000 சொற்களை எட்டியது. தட்டச்சிலே உலகப் புகழ்பெற்ற ஒருவருடைய பெயரை அதற்கு இட்டார்கள். பின்னர் ஜேம்ஸ் பேக்கர், ஜனற் பேக்கர் என்னும் தம்பதியர் தொடங்கிய டிராகன் கொம்பனி 1990இல் 9,000 டொலர் விலையிலே, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசவேண்டிய எழுதுபொறி ஒன்றை விற்றது. 1997இல் நிறுத்தாமலே பேசக்கூடிய பொறியும் வந்துவிட்டது. எல்லாம் ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்குமே முதலில் வந்தன.

தமிழுக்குப் பெரிய வாயில் திறந்தது 2017 ஆகஸ்ட் மாதத்திலே. கூகிள் நிறுவனத்தார் குரலால் எழுதும் வசதியை ஒரே நாளில் முப்பது மொழிகளுக்கு விரித்தனர். அவற்றுள் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. நம் நாட்டு இரு மொழிகளும் ஒரே நாளிலே ஒரே வாயிலால் நுழைந்தது நமக்கு உவகை தருவது. 2022இல் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தார் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற பொறி 6,80,000 மணிநேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது, தமிழையும் எழுதும். சென்னை ஐ.ஐ.டி.யிலே உள்ள 'ஏ.ஐ.போர்பாரத்' குழுவினர் இந்திய மொழிகள் இருபத்திரண்டிலும் மக்களின் இயல்பான பேச்சை ஊரூராய்த் திரட்டி வருகின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் வங்கி அலுவல்களுக்கான சிங்கள, தமிழ்ப் பேச்சுக் கட்டளைகளை இயந்திரம் விளங்கிக்கொள்வது பற்றி 2019இல் ஆய்வு வெளியிட்டனர்.

இவ்வியந்திரத்தின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. 'பளம்' என்று உச்சரித்தாலும் 'பழம்' என்றே எழுதுகின்றது. சொல்வதெழுதலிலே நம்மில் பலரை அது தோற்கடித்துவிடும். கண்ணில்லாதவர்க்கும் கை வழங்காதவர்க்கும் இது வரப்பிரசாதம். ஆனால் அது 'பழம்' என்று எழுதுவது பழத்தை அறிந்ததனால் அன்று. 'பளம்' என்ற சொல்லை எழுத்திலே அதிகம் காணாததனால். இதிலேதான் நுட்பம் இருக்கின்றது. பழைய எழுத்தருடைய பிழை பிழையாகவே கண்ணுக்குத் தெரியும். இயந்திரமோ கேட்டறியாத சொல்லுக்குப் பதிலாக, அதைப்போல ஒலிக்கும் பழகிய சொல்லை வைத்துவிடும். எழுத்துப்பிழை ஒன்றும் இராது. சொல் மாத்திரம் வேறாயிருக்கும். பேச்சற்ற இடைவெளிகளிலே, யாரும் பேசாத வாக்கியங்களையும் விஸ்பர் பொறி எழுதிவிடுவது உண்டென்று 2024இல் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பொருளை உணராமல் எழுதலாகாது என்று முனிவர் ஏன் சொன்னார் என்பது இப்போது விளங்குகின்றது.

நாம் ஹந்தானைத் தோட்டத்திலே எண்பது வயதைக் கடந்த பாட்டியார் ஒருவருடைய அனுமதியோடு, அவர் தம் இளமைக்காலத்தைப் பற்றிச் சொன்னதை இவ்வகைப் பொறி ஒன்றைக் கொண்டு எழுதுவித்துப் பார்த்தோம். கோவில், திருவிழா, பிள்ளைகளின் படிப்பு என்பன பற்றிப் பேசியபோது பெரும்பாலும் பிழையின்றி எழுதியது. வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தடுமாறியது. அதிகாலையிலே ஆட்களைக் கூட்டிப் பிரித்து அனுப்பும் 'பெரட்டு' என்பது 'புரட்டு' என்று வந்தது. பெரட்டுக்குப் போனோம் என்று பாட்டியார் சொன்னது புரட்டுக்குப் போனோம் என்றாயிற்று! 'கவ்வாத்து' என்றதைக் 'கவாத்து' என்று எழுதியது. அதைப் பிழை என்பதற்கில்லை, இந்தியாவிலே அவ்வாறுதான் எழுதுகின்றனர். ஆனால் நம் மலையிலே யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'லயம்' என்பதைச் சரியாகவே எழுதிற்று. அது எண்ணியது சங்கீதத்து லயமோ என்னவோ, யார் கண்டது? இடையிலே சிங்களச் சொல் வந்த இடங்களில் எல்லாம் ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லை வைத்து ஒப்பேற்றிவிட்டது. கண்டியிலே சிங்களம் கலவாத தமிழ் எங்கே இருக்கின்றது?

இவை சிரிப்பதற்குரியவை போலத் தோன்றும். ஆனால் பெரட்டும் கவ்வாத்தும் துண்டும் அரைப்பேரும் போய்விட்டால், அம்மூதாட்டியின் வாழ்விலே எஞ்சுவது கோவிலும் திருவிழாவும் மாத்திரமே. வாத்தியார் எழுதிய அரைப்பக்கக் கடிதத்திலும் அவைதாம் எஞ்சின. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையிலே 2001 முதல் நூதனசாலை நடைபெறுகின்றது. கொழுந்து உருட்டிய பழைய இயந்திரங்களை அங்கே மெருகிட்டு வைத்திருக்கின்றனர். வெளிநாட்டார் வந்து கண்டு களிக்கின்றனர். அவ்வியந்திரங்களுக்குக் கொழுந்து கொடுத்தவர்களுடைய பேச்சைக் கேட்கவேண்டுமானால் லயத்துக்குத்தான் போகவேண்டும். அங்கும் இன்னும் எத்தனை ஆண்டுகள் கேட்கலாம்?

கையினால் எழுதியே இதைச் செய்தவர் ஒருவர் நம் மலையகத்திலே இருந்தார். மக்கள் கவிமணி சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டந்தோட்டமாய்ப் போய், கொழுந்தெடுக்கும் பெண்களும் தாலாட்டும் தாய்மாரும் பாடியவற்றைக் கேட்டு எழுதித் தொகுத்தார். அவர் மடக்கொம்பரையிலே பிறந்து வளர்ந்தவர். பெரட்டு என்றால் என்னவென்று அவருக்கு ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. இயந்திரத்துக்கோ சொல்லவேண்டும். அதற்கும் வழி இல்லாமல் இல்லை. மொசில்லா நிறுவனத்தார் நடத்தும் 'கொமன் வொய்ஸ்' என்ற பொதுத் திட்டத்திலே எவரும் தம் குரலை விரும்பி அளிக்கலாம். தமிழுக்கும் அங்கே இடம் உண்டு. வாசிக்க வேண்டிய வாக்கியங்களையும் எழுதி அளிக்கலாம். ஏட்டுத்தமிழ் வாக்கியங்களையே வாசித்துக் கொடுத்தால் இயந்திரம் ஏட்டுத்தமிழையே கற்கும். நம் வாலிபர் சிலர், குரல் எங்கோ தூரதேசத்துக் கணினியிலே போய்த் தங்குவதை எண்ணி அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆகையால் முதியோரை ஒலிப்பதிவு செய்யும்போது, இது எங்கே போகும், யார் கேட்பார்கள் என்பதை அவர்களுக்கு முன்னரே விளங்கச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் கருத்து.

பாட்டியாரின் பேச்சை எழுதிய தாள்களை அவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். அவருக்கு எழுத்துத் தெரியாது; காது நன்றாய்க் கேட்கும். புரட்டு என்ற இடத்திலே நிறுத்தச் சொல்லிச் சிரித்தார். தம் தாயாரின் பெயரை வாசித்தபோது மாத்திரம் சிரிக்கவில்லை. பத்திரத்திலே உள்ளபடி வேண்டாம், ஊரிலே கூப்பிட்டபடி எழுதுங்கள் என்றார், அப்படியே திருத்தினோம். ஒரு மணிநேரப் பேச்சைத் திருத்துவதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் சென்றன. இயந்திரம் இன்றி முழுவதையும் கையினால் எழுதியிருந்தால் ஒரு வாரம் சென்றிருக்கும். தாள்களையும் ஒலிப்பதிவையும் சேர்த்தே வைத்திருக்கின்றோம். இயந்திரம் அறியாத சொற்களை ஒரு கொப்பியிலே தனியாக எழுதி வருகின்றோம். கவ்வாத்துக் கத்தியின் பெயர்களே ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டன.